ஒப்துலியாவின் உறவுக்காரர்கள்

ஒப்துலியாவுக்கு உலகத்தில் எத்தனை உறவுக்காரர்கள் என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஊர்த் தலைவர் சதுரியோ மாமாவைத்தான் கேட்க வேண்டும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். போன அக்டோபர் வரைக்கும் பதினேழு பேர். பதினேழும் பொய் என்பது என் கட்சி. பொய் என்று எவனாலும் நிரூபிக்க முடியாது என்பது ஒப்துலியாவின் கட்சி.

எங்கள் பெனியாகுவெர்வாவில் குளிர்காலத்தில் புகை வருகிற வீடுகள் ஐந்து. மேட்டிலிருந்து இறங்கினால் முதலில் சதுரியோ மாமா, அடுத்தது ஒப்துலியா, அடுத்தது நான், எனக்குப் பிறகு செம்மறியாடு வைத்திருக்கும் நிக்கானோர், கடைசியில் தேவாலயச் சாவி வைத்திருக்கும் பிரிசிலா. வீட்டுக்கு ஒருவர். மற்ற வீடுகளெல்லாம் ஆகஸ்ட் திருவிழாவுக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். என் பெயர் எலியோதோரோ. இந்த மலைச்சாலையில் முப்பத்தோரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். ஒப்துலியாவின் வாயோடு வைத்து அளந்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

எங்களிடம் ஒரு கோல் இருக்கிறது. ஓக் மரத்தில் செய்தது, முழங்கை நீளம், நுனியில் சிலுவை கீறியிருக்கும். ஏழைக்கோல் என்று பெயர். பிச்சை கேட்டும் வேலை தேடியும் ஜனங்கள் மலையேறி வந்த காலத்தில், எந்த வீட்டு வாசல் ஆணியில் அது தொங்குகிறதோ அந்த வீடுதான் வந்தவருக்குச் சாப்பாடு போட வேண்டும். வந்தவர் சாப்பிட்டுக் கிளம்பியதும் கோல் அடுத்த வீட்டு ஆணிக்குப் போகும். அப்போதெல்லாம் அதை எப்படித் தள்ளிவிடலாம் என்றே எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்து ஊர் மச்சானைக் கூப்பிட்டு ஒரு துண்டு ரொட்டியைக் கையில் திணித்து, "விருந்து முடிஞ்சுது" என்று கோலை அடுத்த வாசலில் மாட்டிவிட்ட கஞ்சர்கள் உண்டு. அந்தக் கஞ்சர்களுக்காகவே சதுரியோ மாமாவின் கொள்ளுத்தாத்தா ஒரு விதி எழுதினார். ஊர் எல்லையில் இருக்கும் கல்சிலுவையைக் கடந்து வந்து ரொட்டி கேட்பவர் யாராக இருந்தாலும் விருந்தாளி. ஆனால் வீட்டுக்காரருக்கு உறவாக இருந்தால் விருந்தாளி ஆகமாட்டார், கோல் நகராது.

இப்போது பிச்சைக்காரர்கள் வருவதில்லை. எங்கள் தேவாலய வாசல் வளைவில் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் யாழ் வாசிக்கும் கழுதையைச் செதுக்கி வைத்தான். அந்தக் கழுதையைப் பார்க்க வருஷத்துக்கு ஐந்தாறு பேர் வருகிறார்கள். ஊரில் ஓட்டல் கிடையாது, பார் கிடையாது. கழுதையைப் பார்த்து முடித்ததும் பசிக்கும். கோல் தொங்குகிற வீட்டைக் காட்டுவோம். ஐந்து வாயிலிருந்து வருகிற அதே ஐந்து கதைகளைப் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்குத்தான் ஒரு புது வாயின் அருமை தெரியும். ஆகவே அன்றைக்குத் தள்ளிவிட்ட கோலை இன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கோல் என் வாசலுக்கு வர வேண்டும். நான் பனி தள்ளிய சாலையில் முப்பத்தோரு வருஷம் ஆயிரம் பேர் எங்கெங்கோ போனார்கள். அவர்களில் ஒருவராவது என் மேசையில் உட்கார்ந்து, நான் பொரித்த பன்றித்தோலைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இதிலென்ன பேராசை? ஆனால் கோல் எனக்கு முந்தின வீட்டில் மூன்று வருஷம் மாட்டிக்கொண்டது.

ஒப்துலியாவின் அப்பா அம்மா இந்த ஊர்க்காரர்கள் இல்லை. தொலைபேசிக் கம்பி இழுத்தபோது அதைப் பார்த்துக்கொள்ளப் பாலென்சியா பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஊரின் ஒரே தொலைபேசி அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. யாருக்கு அழைப்பு வந்தாலும் சின்ன ஒப்துலியா தெருவில் ஓடிவந்து பெயரைக் கூவுவாள். பிறகு அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்து அறையில் பாத்திரம் கழுவுவாள். ஒரே கிண்ணத்தை அரை மணி நேரம் கழுவியவள் அவள். யாருக்கு எந்த ஊரில் சித்தப்பா, எவன் மனைவியின் அம்மா எந்தக் குடும்பம், எல்லாம் அந்தக் கிண்ணத்தில் ஊறியதுதான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவளைக் 'கம்பி வழியா வந்தவ' என்போம். அந்தப் பெயரை வைத்தவன் நான். அப்போது எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

பிறகு அவள் அன்செல்மோ என்ற லாரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் வெளியூர். நல்ல மனிதர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். மகன் பில்பாவோவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான், ஆகஸ்டில் தவறாமல் வருகிறான். மிச்சம் பதினொரு மாதத்துக்கு அவளுக்குக் கோல் வேண்டியிருந்தது.

அவள் கோலைப் பிடித்து வைத்த வித்தையை என் கண்ணால் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் லோக்ரோனோவிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார். நான்தான் அவரை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் சாப்பிட்டுக் கிளம்பினால் கோல் எனக்கு. அதனால் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்க பேரு என்ன மகனே?" என்று பூண்டு சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ரமீரோ."

"அது கடவுளுக்குப் போதும். எனக்கு முழுப்பேரு வேணும்."

எங்கள் நாட்டில் ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப்பெயர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. தூண்டிலில் இரண்டு முள் இருந்தால் மீன் எப்படித் தப்பும்?

"ரமீரோ கப்ரெஹாஸ் தியெஸ்."

ஒப்துலியா கரண்டியைக் கீழே வைத்தாள். "தியெஸ்ஸா? அம்மா பக்கம் எந்த ஊரு?"

"சரியா தெரியாதுங்க. பாலென்சியான்னு சொன்ன ஞாபகம்."

"சரியா தெரியாதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. எங்கம்மாவும் தியெஸ்தான். எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி, கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டான். எங்க, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு. பாத்தியா எலியோ, அதே மூக்கு."

பல் வைத்தியர் தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒப்துலியா, என் பேரும் கப்ரெஹாஸ்தான்" என்றேன். "உறவுன்னு வந்தா இவர் எனக்குத்தான் உறவு."

"உனக்கும் இருக்கட்டும், வேண்டாம்னா சொன்னேன்? ஆனா கோல் என் ஆணியில தொங்குது."

பல் வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது. கழுதையைப் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெரியம்மா கிடைத்தால் யாருக்குத்தான் கலங்காது? கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, குடலில் அடைத்த இறைச்சி இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனார். சதுரியோ மாமா நோட்டில் 'உறவு' என்று எழுதினார். கோல் அசையவில்லை. அதற்குப் பின் வந்தவர்களெல்லாம் அப்படித்தான். ஒப்துலியாவின் தாத்தாவுக்குக் கோபித்துக்கொண்டு போன தம்பிகளை ஒன்று சேர்த்தால் ஒரு பட்டாளம் தேறும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவளை மிஞ்ச ஸ்பெயினில் ஆள் இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊர்க்கூட்டம் வேண்டும் என்று மணி அடிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத் தாழ்வாரத்தில் ஐந்து பேரும் கூடினோம். கழுதை மேலேயிருந்து யாழ் வாசித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இது மோசடி" என்றேன். "வர்ற எல்லாரும் எப்படி உறவாவாங்க?"

சதுரியோ மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. விதி என்றால் அவருக்கு வேதம். "உறவுன்னு அவ சொல்றா, வந்தவரும் ஒத்துக்கிறார். இல்லைன்னு நீ நிரூபி."

"பதினாறு பேருக்கும் நான் போய் வம்சம் தேடணுமா?"

"உனக்குத்தான் வேலை வெட்டி இல்லையே" என்றாள் ஒப்துலியா. "போய்ட்டு வா. எங்க சொந்தக்காரங்களைக் கேட்டதாச் சொல்லு."

நிக்கானோர் சிரித்தான். அவன் வாயில் எப்போதும் ஒரு புல் இருக்கும். அதை எடுத்துவிட்டு, "நாடு பூரா உனக்குச் சொந்தக்காரங்க. இந்த ஊருக்குள்ள ஒரு பூனையாவது உனக்குச் சொந்தமா?" என்றான்.

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஒப்துலியா மட்டும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது, கூடவே அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்க வேண்டாம் என்றும் இருந்தது.

பதினேழாவது ஆள் செப்டம்பரில் வந்து உறவாகிப் போனார். அக்டோபரில் ஒரு சைக்கிள் வந்தது. மேலே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முடி வெளுத்த கோதுமை நிறம். பெயர் ஹெல்மி. பின்லாந்திலிருந்து வருவதாக, மாலை வகுப்பில் படித்த ஸ்பானிஷில் சொன்னாள். கழுதையை ஒரு மணி நேரம் பார்த்தாள்.

"உங்க குடும்பப்பேரு எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒன்று தான் உள்ளது" என்றாள் அவள், ஏதோ குறையைச் சொல்வது மாதிரி.

எனக்கு ஆடலாம் போல இருந்தது. ஒரே பெயர், அதிலும் இந்த மலையில் எவன் வாயிலும் நுழையாத பெயர். சைக்கிளை நானே உருட்டிக்கொண்டு ஒப்துலியா வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"வா மகளே, உக்காரு" என்றாள் ஒப்துலியா. என்னைப் பார்த்து, "நீயும் வந்துட்டியா? உன்னை யாரு கூப்பிட்டா?" என்றாள்.

"சாட்சி" என்றேன்.

ரொட்டித்தூளைப் பூண்டும் பன்றிக்கொழுப்பும் போட்டு வறுத்து, பக்கத்தில் பொரித்த பன்றித்தோலும் வைத்தாள். ஹெல்மி சாப்பிட்டுக்கொண்டே தன் ஊர் ஏரி உறைந்துபோனால் அதன்மேல் பஸ் போகும் என்று சொன்னாள். பனியைத் தள்ளியே வாழ்க்கையைக் கழித்தவன் நான், எனக்கே அது புதுக்கதை. ஒப்துலியா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனம் வேறு இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தது.

"உங்கப்பா மாலுமியா? பில்பாவோ துறைமுகத்துக்கு வந்திருக்காரா?"

"இல்லை. தச்சர். கப்பல் அவருக்கு பயம்."

"தாத்தா?"

"அவருக்கும் பயம்."

நான் பன்றித்தோலைக் கொஞ்சம் சத்தமாகவே கடித்தேன். ஒப்துலியா என்னை முறைத்துவிட்டு, திடீரென்று, "நீ எந்த வருஷம் பொறந்தே?" என்று கேட்டாள்.

"எழுபத்தொன்பது."

ஒப்துலியா மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினாள். அவள் உதடு அசைந்தது. எழுபத்தெட்டு கோடையில் அன்செல்மோ ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே வெளிநாட்டுக்கு மூன்று வாரம் போயிருந்தார். திரும்பி வந்ததும் அதை ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு கோலுக்காக, மண்ணுக்குள் இருக்கும் புருஷனுக்குக் கள்ளக் குழந்தை கட்டப் பார்க்கிறாள்.

"யோசிச்சுப் பேசு ஒப்துலியா" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். அன்செல்மோ லாரிக் கதவில் சாய்ந்து நிற்கும் படம் அங்கே மாட்டியிருந்தது. பிறகு ஹெல்மியின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.

"இல்ல" என்றாள். "அந்த மனுஷனுக்கு அதைப் பண்ண மாட்டேன். எனக்கு இவ உறவில்ல. எழுதிக்கச் சொல்லு உன் மாமாவை."

ஹெல்மி ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை சைக்கிளில் மலையிறங்கி, கல்சிலுவையைத் தாண்டினாள். ஒப்துலியா கோலைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து என் ஆணியில் மாட்டினாள்.

"ஆணி ஆடுது" என்றாள். "சரி பண்ணு." படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் ஆணியைச் சரி பண்ணினேன். வீட்டுக்குச் சுண்ணாம்படித்தேன். புது மேசைவிரிப்பு வாங்கினேன். உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடை ஒன்றை உத்தரத்தில் தொங்கவிட்டேன். இரண்டாவது நாற்காலியின் காலை நான்கு முறை தட்டிச் சரிபார்த்தேன். விருந்தாளி வந்தால் சொல்ல என் பங்குக்குக் கழுதையைப் பற்றி ஒரு நல்ல பொய்யும் தயார் செய்து வைத்தேன். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நவம்பரில் யாரும் வரவில்லை. டிசம்பரில் பனி விழுந்தது. ரொட்டி வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் ஏறியது. ரொட்டிக்காரன் விருந்தாளி ஆகமாட்டானா என்று கேட்டேன். அவன் ரொட்டி கேட்க வருகிறவன் இல்லை, கொடுக்க வருகிறவன் என்று சதுரியோ மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஜனவரியில் என் வண்டியை இப்போது ஓட்டும் பயல் சாலையை அரைகுறையாகத் தள்ளிவிட்டு, சிலுவைக்குக் கீழேயே திரும்பிப் போனான்.

நிக்கானோர் தினமும் ஆடுகளோடு போகும்போது வாசலில் நிற்பான். "என்ன எலியோ, மேசைவிரிப்பு நல்லா சாப்பிடுதா?" என்பான். ஒப்துலியா அப்படிப் பேசவில்லை. "யாராவது வந்தாங்களா?" என்று மட்டும் கேட்பாள். "இல்ல" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அவள் கேலி செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மூன்று வருஷம் அவள் வாசலில் தொங்கியபோது அந்தக் கோல் ஆட்களைக் கூப்பிட்டது என்றும், என் வாசலில் அது வெறும் குச்சி என்றும் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒப்துலியா ரொட்டி வண்டியில் ஏறிக் கீழே டவுனுக்குப் போனாள். பல்வலி என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் நான் சூப் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்சிலுவைப் பக்கமிருந்து யாரோ பனியில் நடந்து வந்தார்கள். நீளமான ஆண்பிள்ளைக் கோட்டு, தொப்பி, கையில் ஒரு பெட்டி. ஓடிப்போய் மேசைவிரிப்பை இழுத்துவிட்டேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் ஒப்துலியா. போட்டிருந்தது அன்செல்மோவின் கோட்டு.

"ஐயா" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறாமல். "ரொம்ப தூரத்துலேருந்து வர்றேன். இந்த வீட்டுல கோல் தொங்குது. ஒரு துண்டு ரொட்டி கிடைக்குமா?"

நான் அவளையும் பெட்டியையும் பார்த்தேன். சிலுவையைக் கடந்து வந்து ரொட்டி கேட்பவர் யாராக இருந்தாலும் விருந்தாளி. இவள் இங்கே சாப்பிட்டால் கோல் நாளைக்கு நிக்கானோர் வீட்டுக்குப் போகும். நாளை மறுநாள் இதே கோட்டோடு அவன் கதவைத் தட்டுவாள். பிறகு பிரிசிலா, பிறகு சதுரியோ மாமா. ஐந்து நாளில் கோல் அவள் ஆணியில். உள்ளூரில் ஒரு பூனை கூட அவளுக்குச் சொந்தமில்லை, ஆகவே எந்த வீட்டிலும் கோல் நிற்காது. விதியில் ஓட்டை கண்டுபிடிக்கக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்.

ஆனால் நாலு மாதத்தில் என் கதவைத் தட்டியது அவள் ஒருத்திதான். அதுவும் உண்மை. கோட்டின் கீழ்விளிம்பு நனைந்து, மூக்கு சிவந்து, சிலுவையிலிருந்து வயலோடு வயலாக நடந்து வந்திருக்கிறாள்.

"உள்ள வாங்கம்மா" என்றேன். "உக்காருங்க."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடவில்லை. பன்றித் தொடையை மெல்லிசாக வெட்டி வைத்தேன். சூப் ஊற்றினேன். அவள் கரண்டியை எடுத்தபோது கேட்டேன்.

"உங்க முழுப்பேரு சொல்லலையே."

கரண்டி பாதியில் நின்றது. "எதுக்கு?"

"வந்தவங்க பேரைக் கேக்கறது இந்த ஊர் வழக்கம்."

"ஒப்துலியா பரேதெஸ் தியெஸ்" என்றாள், சந்தேகமாக.

"தியெஸ்ஸா? லோக்ரோனோவுல ஒரு பல் வைத்தியர், ரமீரோ கப்ரெஹாஸ் தியெஸ், உங்களுக்கு ஏதாவது சொந்தமா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. "எலியோ, வேணாம்."

"சதுரியோ மாமா நோட்டுல இருக்கு. உன் தாத்தாவோட தம்பி பேரன். அவர் ஒரு கப்ரெஹாஸ். நானும் ஒரு கப்ரெஹாஸ். 'உனக்கும் இருக்கட்டும்'னு அன்னிக்கு நீயே ஒத்துக்கிட்டே. அவர் வழியா நீ எனக்குச் சொந்தம்."

"அது பொய்டா. உனக்கே தெரியும் அது பொய்."

"சரி, மணி அடிச்சு ஊர்க்கூட்டத்துல பொய்னு சொல்லு. அப்ப மூணு வருஷத்துக்கு முன்னாடியே கோல் என் வீட்டுக்கு வந்திருக்கணும். மூணு வருஷ விருந்தாளியையும் திருப்பிக் குடு."

ஒப்துலியா தலைத்துணியைத் தொட்டாள், ஆனால் அவிழ்க்கவில்லை. வெளியே நிக்கானோரின் ஆடுகள் போகிற சத்தம் கேட்டு அடங்கியது.

"அப்ப கோல்?" என்றாள் கடைசியில்.

"நகராது. சொந்தக்காரி வந்தா கோல் நகராது."

"இந்த ஊர்ல எனக்குச் சொந்தம்னு எழுதுவாரா அவர்?"

"சாப்பிட்டுட்டு ரெண்டு பேருமா போவோம். என் கண்ணு முன்னாடி எழுதச் சொல்றேன்" என்றேன். "பள்ளிக்கூடத்துல உனக்கு ஒரு பேரு வெச்சேன். அதை அடிச்சுட்டு இதை எழுதினதா வெச்சுக்கோ."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சூப்பைக் குடித்தாள். இரண்டு கரண்டி, மூன்று கரண்டி. எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தொடையை இன்னும் நாலு துண்டு வெட்டினேன். பிறகு அவள் கரண்டியை வைத்துவிட்டு, அன்செல்மோவின் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"இதுல உப்பே இல்ல" என்றாள். "விருந்தாளியா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."